முத்துக்குளிப்போரும் எங்கள் கடலும்

பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸே தமது 24ஆவது வயதில் அமைத்த 'முத்துக்குளிப்போர்' என்னும் இசைநாடகம் 1863இல் பாரிஸில் அரங்கேறியது. கதை நடப்பது இலங்கைக் கரையில். முதலில் மெக்சிக்கோ என்றிருந்த களத்தைப் பின்னரே இங்கு மாற்றினர். பிஸே இலங்கையைக் கண்டவரல்லர். அது கதையில் தெரிகிறது. நாதிர், லைலா என நம் வீட்டுப் பெயர்களைத் தாங்கியோர் அங்கே பிரம்மாவைத் தொழுகின்றனர். மன்னார்க் கடலில் மூச்சடக்கி மூழ்கிய தமிழரையும் முஸ்லிம்களையும் அதில் காணோம்.

ஆயினும், முன்பு கேட்ட காதலியின் குரலை நினைந்து நாதிர் தனித்துப் பாடும்போது என் முறைப்பாடுகள் அடங்கிவிடுகின்றன. அலையில் மெல்ல அசையும் தோணிபோலச் செல்லும் இசை அது. நண்பர் இருவரும் சேர்ந்து பாடும் பாட்டோ 'கலிப்போலி' (1981) திரைப்படத்தில் வருகிறது. துருக்கியரின் துப்பாக்கிகளுக்கு முன்னே தம் இளைஞரை அனுப்பவிருக்கும் அவுஸ்திரேலிய அதிகாரி, அதைக் கிராமபோனில் கேட்கிறார். நட்பின் பாட்டு அங்கே மரணத்தின் பாட்டாகிவிடுகிறது.

பொய்யான கடலுக்கு மெய்யான இசை வாய்த்திருக்கிறது. கிண்ணியா, மூதூர்க் கரைகளில் கரைவலை இழுத்தோர் பாடிய அம்பாவை என் வகுப்பில் கேட்டேன். ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. பிஸேயைக் குறைசொல்லும் முன் நாம் அதை எழுதி வைப்போம்.