இரண்டு இடது கைகள், இரண்டு தீர்ப்புகள்

முதலில் இரண்டு எண்கள்: 86.9, 2.4. பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் தேர்தலில் 1972-இல் சாண்டி கூஃபாக்ஸ் வாங்கிய ஓட்டுச் சதவீதம் முதலாவது. 2018-இல் யோஹான் சாண்டானா வாங்கியது இரண்டாவது. உள்ளே போக 75 வேணும். 5-க்குக் கீழே போனா அடுத்த வருஷம் பட்டியல்லயே பேர் இருக்காது. சாண்டானாவின் வழக்கு ஒரே வாய்தாவில் தள்ளுபடி ஆகிவிட்டது.

இந்தத் தீர்ப்பு தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ரெண்டு பேருமே இடது கை பிட்சர்கள். ரெண்டு பேர் ஆட்டமும் கை போனதால் சீக்கிரமே முடிந்தது. கூஃபாக்ஸ் 2,324 இன்னிங்ஸ், 165 வெற்றி, 87 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.76. சாண்டானா 2,025 இன்னிங்ஸ், 139 வெற்றி, 78 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.20. (ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டார் என்ற கணக்கு, ஃபீல்டர் தப்பால் போன ரன்கள் நீங்கலாக. குறைவாக இருந்தால் நல்லது. கிரிக்கெட்டில் பவுலிங் ஆவரேஜ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.)

2.76 எங்கே, 3.20 எங்கே என்று கேட்கலாம். காலத்தையும் மைதானத்தையும் பார்க்கணும். கூஃபாக்ஸ் காலத்தில் பிட்சர் நிற்கும் மேடு 15 அங்குல உயரம். 1969-இல்தான் அதை 10 ஆகக் குறைத்தார்கள். 1963-இல் ஸ்ட்ரைக் ஸோனையும் பெரிதாக்கியிருந்தார்கள். 1962-இல் திறந்த டாட்ஜர் ஸ்டேடியமோ பிட்சர்களின் சொர்க்கம். சாண்டானா தன் பெயரைச் சம்பாதித்தது ஹோம் ரன் மழை பெய்த காலத்தில், பிட்சருக்குப் பதிலாக இன்னொரு பேட்டர் வந்து அடிக்கும் அமெரிக்கன் லீகில். இதையெல்லாம் சரிக்கட்டி, சராசரி பிட்சரை 100 என்று வைத்துக் கணக்கிடும் ஈ.ஆர்.ஏ. பிளஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் கூஃபாக்ஸ் 131, சாண்டானா 136.

உச்சம் என்று எடுத்தால் கூஃபாக்ஸ்தான் மேல். அதை மறைக்க விரும்பவில்லை. 1962 முதல் 1966 வரை ஐந்து வருஷமும் நேஷனல் லீகில் ஈ.ஆர்.ஏ. முதலிடம் அவருக்குத்தான். மூன்று சை யங் விருது, நாலு நோ-ஹிட்டர், வேர்ல்ட் சீரீஸில் 0.95. சாண்டானா வேர்ல்ட் சீரீஸ் பக்கமே போனதில்லை. ரெண்டு சை யங் வாங்கினார், 2004-லும் 2006-லும், ரெண்டும் ஏகமனதாக. நடுவில் 2005-இல் ஈ.ஆர்.ஏ. 2.87 வைத்திருந்தும் விருது 3.48 வைத்திருந்த பார்த்தோலோ கொலோனுக்குப் போனது. காரணம், கொலோனுக்கு 21 வெற்றி, இவருக்கு 16. வெற்றி என்பது தன் அணி எத்தனை ரன் அடிக்கிறது என்பதையும் சார்ந்த எண்ணாச்சே! இன்று அந்தத் தேர்தல் நடந்தால் முடிவு வேறாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் 86.9-க்கும் 2.4-க்கும் உள்ள தூரத்தை உச்சம் மட்டும் விளக்காது. கை எப்படிப் போனது, எப்போது போனது, அதுக்கப்புறம் என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு சின்ன எஞ்சினியரிங் கணக்கு. வேகப்பந்து எறியும்போது முழங்கையில் ஏறும் முறுக்குவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர் என்று 1990-களின் ஆய்வக அளவீடு சொல்கிறது. முழங்கையின் உள்பக்க லிகமென்ட்டை (ஜவ்வு என்கிறோமே, அதுதான்) இறந்தவர்களின் கையில் சோதித்தால் சுமார் 32-லேயே அறுந்துவிடுகிறது. மிச்சத்தைச் சுற்றியுள்ள தசையும் எலும்பும் தாங்கணும். எந்தப் பாலத்தையும் இந்தக் கணக்கில் கட்ட அனுமதி கிடைக்காது. ஒவ்வொரு பந்தும் எல்லைக்குப் பக்கத்தில் போய்விட்டுத்தான் திரும்புகிறது. யாருக்கு எப்போது அறுகிறது என்பதில் பயிற்சி, எறியும் முறை இவற்றோடு அதிர்ஷ்டத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

கூஃபாக்ஸுக்கு வந்தது இடது முழங்கையில் மூட்டு வாதம். ஆட்டத்துக்கு முன்னால் எரியும் களிம்பு, முடிந்ததும் ஐஸ் தொட்டி, நடுநடுவே கார்டிசோன் ஊசி. அப்படியே 1966-இல் 323 இன்னிங்ஸ் எறிந்து, 27 வெற்றி, 1.73 ஈ.ஆர்.ஏ. எடுத்தார். நவம்பரில் ஓய்வு அறிவித்தார். வயது 30. அன்றைய மருத்துவத்தில் அவருக்கு வேறு வழி கிடையாது. அதனால் அவருடைய சரிவு என்று ஒன்று பதிவேட்டிலேயே இல்லை. வலி இருந்தது, ஆனால் எண்களில் ஒரு கீறல்கூட விழவில்லை. ரசிகர்கள் அதை ஒரு காவியமாக்கிவிட்டார்கள்.

சாண்டானாவுக்குத் தோள்பட்டை. 2010 செப்டம்பரில் அறுவை சிகிச்சை. 2011 முழுக்க மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை. திரும்பி வந்தவர் 2012 ஜூன் 1 அன்று கார்டினல்ஸுக்கு எதிராக நோ-ஹிட்டர் எறிந்தார். 1962-இல் தொடங்கிய மெட்ஸ் அணிக்கு அதுதான் முதல் நோ-ஹிட்டர். (பெல்ட்ரான் அடித்த ஒரு பந்து கோட்டில் பட்டதை அம்பயர் கவனிக்கவில்லை. இருக்கட்டும், பதிவேடு பதிவேடுதான்.) மேலாளர் டெரி காலின்ஸ் அன்றைக்கு 110, 115 பந்துக்கு மேல் விடுவதில்லை என்று நினைத்திருந்தார். சாண்டானா எறிந்தது 134. அன்றிரவு 2.38 ஆக இருந்த ஈ.ஆர்.ஏ., சீசன் முடிவில் 4.85. அடுத்த வருஷம் தோள் மறுபடி கிழிந்தது. அந்த 134 பந்துதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஒரு இரவை வைத்து அதை நிரூபிக்க முடியாது. ஆனால் திரும்பி வந்து முயற்சி பண்ணியதற்கு அவர் கொடுத்த விலை எண்களில் அப்படியே நிற்கிறது. விலகியவருக்குக் கிரீடம், போராடியவருக்குக் கழித்தல்!

நீடித்து ஆடினால் மட்டும் கதவு திறக்குமா என்றால் அதுவும் இல்லை. டாமி ஜானைப் பாருங்கள். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவரது வலது கையிலிருந்து ஒரு நாணை எடுத்து இடது முழங்கையில் வைத்துக் கட்டினார். அந்த அறுவை சிகிச்சைக்கே இன்று அவர் பெயர்தான். அதற்குப் பிறகு மட்டும் 164 வெற்றி, மொத்தம் 288, 46 வயது வரை எறிந்தார். பதினைந்து வருஷம் பட்டியலில் இருந்தும் எழுத்தாளர்கள் அவரைத் தேர்வு செய்யவில்லை. 300-க்குப் பன்னிரண்டு குறைவு. குறுகிய உச்சம் என்றால் புராணம் ஆகணும், நீண்ட பயணம் என்றால் 300 தொடணும். நடுவில் இருப்பவர்கள் கதி அதோகதிதான்.

இப்போது இது ஏன் முக்கியம் என்றால், வரப்போகும் தலைமுறை முழுக்க நடுவில் இருப்பவர்கள்தான். மேஜர் லீகில் வேகப்பந்தின் சராசரி வேகம் 2008-இல் மணிக்குச் சுமார் 91 மைல், 2024-இல் 94-க்கு மேல். ஜேக்கப் டிகிராம் ரெண்டு தடவை முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 2018-இல் வெறும் 10 வெற்றியோடு, 1.70 ஈ.ஆர்.ஏ.வுக்காகச் சை யங் வாங்கினார். விருதுக் கணக்கு மாறிவிட்டது. ஹால் கணக்கு மெதுவாகத்தான் நகர்கிறது. ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 33 வயதில் மேஜர் லீகை விட்டவர், 169 வெற்றி, ஈ.ஆர்.ஏ. பிளஸ் 117. 2025-இல் முதல் வாய்ப்பிலேயே 20.6 சதவீதம் வாங்கிப் பட்டியலில் தங்கிவிட்டார். நல்ல செய்திதான். ஆனால் 136 வைத்திருப்பவருக்கு எழுத்தாளர் ஓட்டு இனிக் கிடையாது. ஏதாவது ஒரு சிறு குழு ஒருநாள் பழைய கட்டைத் திரும்பப் பிரித்தால் உண்டு.