ஓரியின் வில்லும் பார்ட்டன்-ரைட்டின் கைத்தடியும்

ஒவ்வொரு வருஷமும் ஆடி 17, 18-ல் கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. அரசு விழா. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற கூட்டத்துக்குக் கலை நிகழ்ச்சி உண்டு, கண்காட்சி உண்டு, ஓரியின் பெயருக்குப் பொருத்தமாக வில்வித்தைப் போட்டியும் உண்டு. நல்ல விஷயம்தான். என் சிக்கல் போட்டியில் இல்லை. அதைச் சுற்றி வருகிற பேச்சில்தான். ஓரியின் கலையை மீட்டுட்டோம், ஈராயிரம் வருஷப் பாரம்பரியம் தொடருதுன்னு மேடையிலும் சொல்கிறோம், வீடியோ தலைப்பிலும் எழுதுகிறோம்.

இன்றைக்குப் போட்டியில் வில் பிடிக்கிற ஒரு பிள்ளையின் கையைக் கொஞ்சம் பாருங்க. ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிர விரலும் கீழே. மூன்று விரலால் நாணை இழுத்துத் தாடைக்கடியில் நிறுத்துகிறார்கள். இது ஐரோப்பிய முறை. இங்கிலாந்தின் நெடுவில்காரர்கள் இழுத்த விதம் இதுதான். துருக்கியர், மங்கோலியர், கொரியர், ஜப்பானியர் எல்லாம் கட்டைவிரலால் இழுத்தவர்கள். அதற்காகவே கட்டைவிரலில் வளையமோ கையுறையோ போட்டவர்கள். ஆனால் முனை வெளிப்பக்கம் வளைகிற அந்த வில்லின் வடிவம் மேற்கு ஆசியாவிலும் நடு ஆசியாவிலும் நெடுங்காலமாக இருந்தது. மஞ்சளில் தொடங்கி வெள்ளையில் முடிகிற பத்து வளைய இலக்கும் புள்ளிக் கணக்கும், 1931-ல் அப்போது போலந்தில் இருந்த லிவிவ் நகரத்தில் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகள் வழியாக வந்தவை. ஆக, நவீனப் போட்டி வில்வித்தை ஆசியாவும் ஐரோப்பாவும் கலந்த ஒரு கலவை.

ஓரி எப்படி நாணை இழுத்தான்? புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் அவனுடைய ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், காட்டுப்பன்றி என்று துளைத்துப் போய், புற்றில் கிடந்த உடும்பில் தைத்ததாகப் பாடுகிறார். வேட்டுவன் மாதிரி நின்ற ஒரு வள்ளலை அடையாளம் கண்டு புகழ்கிற பாட்டு அது. பாணர் கூட்டத்தின் பசி அதில் இருக்கு, கொடுத்தவனின் கூச்சம் இருக்கு. எந்த விரல், எந்த நிலை, எவ்வளவு தூரம் என்பதெல்லாம் இல்லை. இருக்கவும் தேவையில்லை. அது பயிற்சிக் கையேடு இல்லையே.

அப்ப 'மீட்பு' என்று எதைச் சொல்கிறோம்? இந்தக் கேள்வியோடு சில மாதங்களாக ஒரு வெளிநாட்டு உதாரணத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாடு என்றாலும் அதன் வேர் ஒன்று நம்ம பக்கம் இருக்கிறது.

*

எட்வர்ட் வில்லியம் பார்ட்டன்-ரைட் 1860-ல் பெங்களூரில் பிறந்தவர். அப்பா மெட்ராஸ் ரயில்வேயில் இன்ஜின்களுக்குப் பொறுப்பான தலைமை அதிகாரி. அந்தக் கம்பெனியின் பாதைதான் 1860-களின் தொடக்கத்தில் சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போனது. கொல்லிமலை அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். மலைக்கும் இந்த மனிதருக்கும் நேர்த் தொடர்பு இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒட்டுப் போடுவதைத்தான் இந்தக் கட்டுரையில் குறை சொல்லப் போகிறேன்!

பையன் வளர்ந்து இன்ஜினியர் ஆனார். பல நாடுகள் சுற்றி, 1890-களின் நடுவில் ஜப்பானுக்கு வேலைக்குப் போய் அங்கே ஜூஜூட்ஸு கற்றார். 1898-ல் லண்டன் திரும்பி, தன் பெயரின் முதல் பாதியையும் ஜூஜூட்ஸுவின் கடைசிப் பாதியையும் ஒட்டி 'பார்டிட்ஸு' என்று ஒரு தற்காப்புக் கலையை அறிவித்தார். நாலு பொருள் சேர்ந்த கலவை அது: ஆங்கிலக் குத்துச்சண்டை, பிரெஞ்சுக்காரர்களின் உதைச் சண்டையான சவாத், ஜப்பானிய ஜூஜூட்ஸு, சுவிஸ்காரர் பியர் வீன்யி உருவாக்கிய கைத்தடிச் சண்டை. தூரத்துக்குத் தடி, நெருங்கினால் கையும் காலும், கட்டிப் பிடித்தால் ஜூஜூட்ஸு என்பது கணக்கு.

லண்டன் சாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் பயிற்சிக்கூடம் நடந்தது. யுகியோ தானி, சடகாசு உயெனிஷி என்ற இரண்டு ஜப்பானிய இளைஞர்களும் வீன்யியும் சொல்லிக்கொடுத்தார்கள். 1902 வாக்கில் கூடம் மூடப்பட்டது. ஆசிரியர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பார்ட்டன்-ரைட் மின்சாரம், வெப்பம் வைத்துச் செய்யும் வலி வைத்தியத்துக்கு மாறி, 1951-ல் தொண்ணூறு வயதில் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் இறந்தார்.

பெயர் மட்டும் எப்படித் தப்பியது தெரியுமா? 1903-ல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. அருவி விளிம்பில் மோரியார்ட்டியிடமிருந்து ஹோம்ஸ் தப்பியது எப்படி என்பதற்கு 'பாரிட்ஸு' தெரிந்ததால் என்று எழுதிவிட்டார். ஒரு எழுத்து விட்டுப் போச்சு. இன்னொரு வேடிக்கை: கதைப்படி அந்தச் சண்டை நடந்தது 1891-ல். கலைக்குப் பெயர் வைத்ததோ 1898-ல்! கதை ஒரு கலைக்கு அதன் பிறப்புக்கு முந்தைய தேதியைக் கொடுத்துவிடும். இது லண்டனில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

*

நூறு வருஷம் கழித்து ஆர்வலர்கள் சிலர் 2002-ல் பார்டிட்ஸு சங்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். அவர்களிடம் குரு இல்லை, பரம்பரை இல்லை. கையில் இருந்தது முக்கியமாகக் காகிதம். 1899-லும் 1901-லும் 'பியர்சன்ஸ் மேகசின்' என்ற பத்திரிகையில் பார்ட்டன்-ரைட் படங்களோடு எழுதிய கட்டுரைகள் அவை. ரிச்சர்ட் போவன் என்ற ஜூடோ வரலாற்றாளர் நூலகத்தில் தேடி எடுத்தவை.

அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பயிற்சியை இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். பார்ட்டன்-ரைட் காலத்து ஆவணத்தில் இருக்கிற அடிமுறை ஒரு பக்கம்; அது மூலம். ஆவணத்தில் ஓட்டை விழுந்த இடத்தை நாமாக அடைத்தது இன்னொரு பக்கம்; அது 'புதிய பார்டிட்ஸு'. ஓட்டையை அடைக்க அந்த ஆசிரியர்களும் அவர்களின் மாணவர்களும் பிறகு எழுதிய புத்தகங்களைத் தேடினார்கள். கைத்தடிக்கு அப்படி உதவிய முக்கியமான புத்தகம் எச்.ஜி. லாங் என்பவர் 1923-ல் வெளியிட்டது. அவர் யார்? இந்தியப் போலீஸ் அதிகாரி. பெங்களூரில் பிறந்தவரின் கலையை மீட்க இந்தியாவில் வேலை பார்த்த போலீஸ்காரரின் புத்தகம் தேவைப்பட்டிருக்கிறது.

எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். பழைய போட்டோ அடியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும். நடுவில் எடை எந்தக் காலுக்கு மாறியது, மூச்சு எங்கே விட்டார் என்பதைக் காட்டாது. அதைவிட, அந்தப் படங்களில் எதிராளி ஒத்துழைக்கிறார். நிஜத்தில் யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள். கூடவே தொப்பி, கோட்டு, முறுக்கு மீசை என்று இந்த மறுமலர்ச்சியில் வேஷப் பிரியமும் கலந்திருக்கிறது. சில வீடியோக்களில் சண்டையைவிட உடைதான் கச்சிதம். காகிதத்திலிருந்து எழுப்பியது எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் ஓர் ஊகம்தான். ஆனால் அவர்களே அதை ஊகம்னு சொல்லிடறாங்க. இதற்காகத்தான் அவர்களுக்கு என் மரியாதை.

*

இப்போது நம்ம சிலம்பத்துக்கு வருவோம். நமக்கு இருக்கிற வசதியை நினைத்துப் பார்த்தால் பார்டிட்ஸுக்காரர்கள் பொறாமைப்படுவார்கள். நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். தன் வாத்தியாரிடம் கம்பு பிடித்து, அவர் தன் வாத்தியாரிடம் பிடித்ததைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குறவஞ்சி, மறக்காணம், துளுக்காணம், நாகதாளி என்று வகைகளுக்குப் பெயர் இருக்கிறது. ஓர் ஊர்க் காலடி இன்னோர் ஊர்க் காலடி மாதிரி இருக்காது.

அந்த வசதியை வைத்துக்கொண்டு என்ன எழுதுகிறோம்? சிலம்பம் பற்றிய அறிமுகங்களில் பாதி இரண்டு வாக்கியத்தோடு தொடங்கும். ஒன்று, இது 5000 வருஷமாக மாறாமல் வருகிற கலை. இரண்டு, வெள்ளைக்காரன் தடை போட்டு அழித்த கலை. இரண்டும் ஒரே பத்தியில் இருக்கும். அழிந்திருந்தால் மாறாமல் வந்தது எப்படி? மாறாமல் வந்திருந்தால் அழித்தது எதை? பாளையக்காரர் போர் 1801-ல் முடிந்த பிறகு தென் தமிழ்நாட்டில் கம்பெனி ஆயுதங்களைப் பறித்தது வரலாறு. அதன் பின் கம்பும் காலடியும் எங்கே ஒதுங்கின, கோயில் திருவிழாவிலா, அலங்காரச் சுற்றிலா, கப்பலேறி மலேயா தோட்டங்களிலா என்று தேடினால்தான் கலையின் நிஜமான வாழ்க்கை தெரியும். '5000 வருஷம்' என்ற ஒரு எண் அந்தத் தேடலைத் தொடங்கும் முன்னாலேயே நிறுத்திவிடுகிறது.

இன்றைய சிலம்பமும் கலவைதான். போட்டிச் சிலம்பத்தில் வயதுப் பிரிவு, எடைப் பிரிவு, தொட்டால் புள்ளி, வட்டத்துக்கு வெளியே போனால் குற்றம், நடுவரின் விசில். இந்த அமைப்பு நவீன விளையாட்டு உலகத்தினுடையது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், கம்பு எடுக்க இதெல்லாம் காரணம். நான் இதைக் குறை சொல்லவில்லை.

கலப்பு நமக்கு ஒரு வழிப் பாதையும் இல்லை. நம்ம கர்லாக்கட்டையை எடுத்துக்கோங்க. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தார் அதைப் பார்த்துக் கற்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1913-ல் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்குப் பாதுகாப்பாக ஒரு பெண்கள் படை உருவானபோது, அவர்களுக்கு ஜூஜூட்ஸு சொல்லிக்கொடுத்தவர் ஈடித் காரட். அவர் பார்ட்டன்-ரைட் லண்டனுக்கு வரவழைத்த உயெனிஷியிடம் கற்றவர். அந்தப் பெண்கள் போலீஸைச் சமாளிக்கப் பாவாடைக்குள் ஒளித்து வைத்திருந்தது கர்லாக்கட்டை வகைக் கட்டைகள்! கலந்ததால் கர்லாக்கட்டையின் பெருமை குறைந்துவிட்டதா என்ன?

குறைவது வேறு இடத்தில். போட்டி விதியில் கால் வீச்சுக்கு ஒரு கணக்கு, மேல் வெட்டுக்கு ஒரு கணக்கு என்று வந்ததும், புள்ளி தராத காலடியைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். அது இயல்பு. மாறியது இதுதான் என்று எழுதி வைத்திருந்தால் பிறகு ஒருத்தர் திரும்பிப் போய் எடுக்கலாம். 'எதுவும் மாறவில்லை' என்று சாதித்தால், விட்டுப்போனது இருந்தது என்பதற்கே சாட்சி இருக்காது. எண்பது வயது வாத்தியார் ஒருவர் "எங்க காலத்துல இப்படி இல்லப்பா, பின்காலை இங்க வைப்போம்" என்று சொன்னால், அவரைத் தவறு என்று திருத்துகிற நிலைமை வரும். காகிதம் மட்டும் வைத்திருந்தவர்கள் இதில் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள். உயிரோடு ஆள் வைத்திருக்கிற நாம்தான் அசட்டையாக இருக்கிறோம்.

*

அதனால் ஒரு சின்ன யோசனை. சிலம்பமோ குத்துவரிசையோ அடிமுறையோ சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒரு நோட்டில் மூன்று பத்தி போடலாம். முதல் பத்தியில் என் ஆசான் காட்டியது. எந்த ஊர், எந்த வருஷம் என்பதோடு. இரண்டாவதில் போட்டி விதிக்காக மாற்றியது. மூன்றாவதில் நானே சேர்த்தது, அல்லது கராத்தே, குத்துச்சண்டை போன்ற வேறு கலையிலிருந்து எடுத்தது. மூன்றாவது பத்தியில் எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. பார்ட்டன்-ரைட் தன் கலை முழுவதையும் அந்தப் பத்தியில்தான் எழுதியிருப்பார்.

செம்மேட்டு விழாவுக்கும் இதேதான். 'இது ஓரியின் வில்வித்தை' என்பதற்குப் பதிலாக, 'ஓரியின் பெயரில், இன்றைய வில்லால், இன்றைய விதியில் போட்டி' என்று மைக்கில் சொன்னால் விழாவுக்கு எந்தக் குறைவும் வராது. அப்படிச் சொன்னால் ஓரம் நிற்கிற ஒரு மலைக்காரப் பெரியவரிடம் "உங்க தாத்தா காலத்துல வில் வச்சிருந்தாங்களா, எந்த மரத்துல செஞ்சாங்க, நாணுக்கு என்ன நார்?" என்று கேட்க யாருக்காவது தோன்றும். எல்லாம் மீட்டாச்சு என்று அறிவித்துவிட்ட இடத்தில் அந்தக் கேள்வி எழுவதில்லை.

உங்க ஊரில் கம்பு சுற்றுகிற பெரியவர் யாராவது இருந்தால், அவர் காலை எங்கே வைக்கிறார் என்பதை போனில் ஒரு வீடியோவாக எடுத்து வையுங்கள். ஊர்ப் பெயரும் தேதியும் சேர்த்து.