குரலும் காட்சியும் பிரியும் இடம்: திருவாமாத்தூரிலிருந்து சில குறிப்புகள்

1

எடிட்டிங் மென்பொருளில் ஒரு துண்டை டைம்லைனில் கொண்டுவந்து போட்டால் படமும் ஒலியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டேதான் விழும். மேலே படம், கீழே ஒலி. ஒன்றை இழுத்தால் மற்றது கூடவே வரும். இந்தக் கட்டை அவிழ்ப்பது சின்ன வேலைதான். பிரிமியரில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஓரத்தை இழுக்கலாம். டாவின்சி ரிசால்வில் சங்கிலிப் படம் போட்ட பொத்தானை அணைத்துவிடலாம். அதன்பின் படத்தை ஓரிடத்திலும் ஒலியை வேறோரிடத்திலும் வெட்ட முடியும். அடுத்த காட்சியின் ஒலி முன்கூட்டியே நுழைந்தால் அது ஜே கட். முந்தைய காட்சியின் ஒலி அடுத்த படத்தின் மேலும் நீண்டால் எல் கட். டைம்லைனில் துண்டு கிடக்கும் வடிவத்தை வைத்து வந்த பெயர்கள் இவை. எல் கட்டைத் தமிழில் டகர வெட்டு என்றே சொல்லிவிடலாம். துண்டு ‘ட’ போலத்தான் கிடக்கிறது. ஜே அந்த டகரத்தின் கண்ணாடி பிம்பம். இதில் ஒத்திசைவு கெடுவதில்லை. உதடு அசையும்போது அந்த உதட்டின் சொல்தான் கேட்கும். வெட்டுகிற இடம் மட்டும் ரெண்டுக்கும் வேறுவேறு.

இதை எதற்காகச் செய்ய வேண்டும் என்று கேட்டால் கையேடுகள் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கின்றன: வெட்டு உறுத்தாமல் இருப்பதற்காக. காது முன்னால் போய்விட்டால் கண் தானாகப் பின்தொடரும், பார்வையாளர் இடம் மாறியதை உணரமாட்டார் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் உணரப்படாமல் போவது வெட்டு மட்டும்தானா என்பதே நான் இங்கே கேட்க விரும்புவது. மென்மை, இயல்பு, சரளம் என்ற சொற்களுக்குப் பின்னால் யாருடைய குரல் யாருடைய முகத்தின்மேல் போய் உட்காருகிறது என்ற கேள்வி அமுக்கப்பட்டுவிடுகிறது. தொழில்நுட்பச் சொல்லாடலுக்குள் ஒளிந்திருக்கும் இந்த அறக் கேள்வியைத் திறந்து பார்க்க எனக்கு உதவியது விழுப்புரத்தை ஒட்டிய திருவாமாத்தூரும் அந்த ஊர் சொல்லும் இரண்டு கதைகளும்.

2

முதலில் எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். இந்தப் பிரிவினை கணினி கண்டுபிடித்ததல்ல. மூவியோலாவிலும் ஸ்டீன்பெக்கிலும் வேலை செய்தவர்களுக்குப் படச்சுருள் தனி, காந்த ஒலிச்சுருள் தனி. இரண்டையும் பொருத்தி ஓட்டுவதே ஒரு உழைப்பாக இருந்தது. அவர்களுக்குப் பிரிந்து கிடப்பது இயல்பு, சேர்ப்பது செயல். வீடியோவும் பின்பு கணினியும் இதைத் தலைகீழாக்கின. சேர்ந்திருப்பது இயல்பாகி, பிரிப்பது விசேஷச் செயலாகிவிட்டது.

தியேட்டருக்குப் போன 35 மி.மீ. பிரதியிலும்கூடப் படமும் அதன் ஒலியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததில்லை. படம் புரொஜெக்டரின் ஜன்னலில் நொடிக்கு 24 தடவை நின்று நின்று நகர வேண்டும். ஒலியோ நிற்காமல் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் நடத்த முடியாது. ஆகவே படத்துக்குரிய ஒலியைச் சுமார் 20 பிரேம் முன்தள்ளிப் பதிந்தார்கள். டூரிங் டாக்கீசில் பிலிம் அறுந்து, ஆபரேட்டர் ஒட்டி ஓட்டும்போது என்ன நடக்கும்? ஒட்டு முதலில் ஜன்னலைக் கடக்கும், படம் குதிக்கும். ஒலி எடுக்கும் தலையை அது போய்ச் சேர இன்னும் 20 பிரேம் ஆகும். அந்த முக்கால் நொடிச் சொச்சத்துக்குப் பழைய காட்சியின் குரல் புதிய காட்சியின் மேல் ஓடும். ஆபரேட்டர் தனக்கே தெரியாமல் போட்ட டகர வெட்டு அது. கொட்டகையின் விசில் சத்தத்தில் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஒலி வந்த காலத்திலேயே இதைப்பற்றிய இரண்டு பார்வைகள் பிரிந்துவிட்டன. 1928இல் ஐசன்ஸ்டைன், புதோவ்கின், அலெக்சாந்த்ரோவ் மூவரும் வெளியிட்ட அறிக்கை, ஒலியைப் படத்தோடு அப்படியே ஒட்டவைத்தால் மோன்டாஜ் செத்துப்போகும், ஒலி படத்துக்கு எதிர்நிலையில் நின்று தொடங்க வேண்டும் என்றது. 1935இல் ஹிட்ச்காக்கின் ‘தி 39 ஸ்டெப்ஸ்’ படத்தில் பிணத்தைக் கண்ட பெண் வாயைத் திறக்கிறாள். கேட்பது ரயிலின் ஊதல். அடுத்து ரயில் வருகிறது. முன்னது ஒலியும் படமும் சண்டை போட வேண்டும் என்கிறது. பின்னது சண்டையையே பசையாக்கி இரண்டு காட்சிகளை ஒட்டிவிடுகிறது. இன்று மென்பொருள் கையேடுகளில் நாம் படிப்பது பசையைப் பற்றித்தான்.

தமிழ் சினிமாவில் நிலைமை இன்னும் சிக்கல். ‘நந்தகுமார்’ (1938) தொடங்கி நம் திரையில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடினார். இந்தியாவிலேயே முதலில் வேற்றுமொழிக் குரல் ஏற்றப்பட்ட படம் என்று சொல்லப்படுவது, கன்னடத்திலிருந்து தமிழுக்கு 1944இல் வந்த ‘ஹரிச்சந்திரா’. சத்தியத்துக்கே பெயர் போனவன் இரவல் குரலில் பேசினான் என்பதில் உள்ள முரணை யாரும் பெரிதுபடுத்தவில்லை. குரல் ஓரிடத்திலிருந்தும் உடல் வேறிடத்திலிருந்தும் வருவது நமக்குப் பழகிப்போயிற்று. அதனால்தான் அந்தப் பிரிவை நாம் ஒரு பிரச்சினையாகக் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

3

இனி திருவாமாத்தூர். பம்பையாற்றங்கரையில் அபிராமேசுவரர் கோயில் உள்ள ஊர். இதன்மீது கலம்பகம் பாடியவர்கள் இரட்டைப் புலவர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்கு நடக்க முடியாது. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் உட்கார்ந்து வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகப் போனார்கள் என்பது மரபு. ஒருவர் பாட்டைத் தொடங்குவார், மற்றவர் முடிப்பார். ஒலித்தடமும் படத்தடமும் தனித்தனி உடல்களாக நடந்து திரிந்தது போலத்தான் எனக்குப் படுகிறது.

கலம்பகத்தைப் பற்றி ஊர் சொல்லும் கதை இது. கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதைப் புலவர்கள் மாற்றிப் பாடிவிட்டார்கள். கேட்டவர்கள் தப்பு என்றார்கள். அன்று இரவு வெள்ளம் வந்தது. காலையில் பார்த்தால் பம்பை தடம் மாறி ஓடுகிறது, பாட்டு சரியாகிவிட்டது. சொல் முதலில் வந்தது, காட்சி பின்னால் வந்து அதற்குப் பொருந்திக்கொண்டது. தலபுராண மரபில் இது புலமையின் மகிமை. எனக்கு இது ஒரு ஜே கட்.

நம் சினிமாவின் பிளாஷ்பேக் முழுக்க இந்த ஆற்றைப் போலத்தான் நடந்துகொள்கிறது. ஒருவர் சொல்லத் தொடங்குவார். அவர் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் இறந்த காலத்துக்குப் போய்விடும். சொன்னதெல்லாம் அப்படியே கண்முன் நடக்கும். படம் குரலுக்குக் கீழ்ப்படிகிறது என்பதை நாம் மறந்து, படம் குரலுக்குச் சாட்சி சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) இந்தப் பழக்கத்தைத் தொட்டுப் பார்த்த படம். ஒரு கொலையைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்ல, ஒவ்வொரு கதைக்கும் படம் ஒத்துழைக்கிறது. ‘விருமாண்டி’ (2004) இன்னும் ஒரு படி மேலே போகிறது. மரண தண்டனை பற்றி ஆவணப்படம் எடுக்கச் சிறைக்குள் வரும் ஏஞ்சலா காத்தமுத்துவிடம் கொத்தாளத் தேவர் தன் கதையைச் சொல்கிறார், விருமாண்டி தன் கதையைச் சொல்கிறான். அதே சம்பவம், அதே ஆட்கள். குரல் மாறியதும் படம் மாறுகிறது. படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவுசெய்த படம் இது என்பதும் கவனத்துக்குரியது.

ஆனால் இரண்டு படங்களும் கடைசியில் பின்வாங்கிவிடுகின்றன. ‘அந்த நாள்’ கொலையாளியைக் கண்டுபிடித்து முடித்துவைக்கிறது. ‘விருமாண்டி’ நாயகனின் குரலுக்குச் சொந்தமான காட்சியையே உண்மை என்று நம் கையில் கொடுத்துவிடுகிறது. குரலுக்குப் படம் அடிபணிகிறது என்ற கண்டுபிடிப்பு, நல்லவன் குரலுக்கு அடிபணிந்தால் சரி என்ற சமாதானத்தில் முடிகிறது. கலம்பகக் கதையிலும் இதுதான் நடக்கிறது. ஆறு இடம் மாறியதே, புதுத் தடத்தில் யார் குடியிருந்தார்கள், யாருடைய நிலம் போயிற்று? அந்தப் பிரதியில் அவர்களுக்குக் குரலும் இல்லை, முகமும் இல்லை.

4

ஊரின் இரண்டாவது கதை வட்டப்பாறையைப் பற்றியது. வழக்கு உள்ளவர்கள் அந்தப் பாறையில் சத்தியம் செய்வார்கள். பொய்ச் சத்தியம் தண்டிக்கப்படும் என்பது நம்பிக்கை. அண்ணன் ஒருவன் தம்பியின் பொருளை ஏமாற்றி எடுத்து ஒரு கைத்தடிக்குள் மறைத்துவைத்தான். சத்தியம் செய்யும் நேரம் வந்ததும் தடியைத் தம்பியிடமே பிடிக்கக் கொடுத்துவிட்டு, பொருள் என்னிடம் இல்லை, அவனிடம்தான் இருக்கிறது என்றான். பிறகு வழியில் பாம்பு கடித்துச் செத்தான் என்று கதை முடிகிறது. பாம்பை விட்டுவிடுவோம். அண்ணன் சொன்ன சொல்லில் பிழை இல்லை. தம்பி கையில் தடி இருந்த காட்சியிலும் பிழை இல்லை. இரண்டையும் அடுக்கிய விதத்தில்தான் பொய் இருக்கிறது.

இதை நான் புரிந்துகொண்டது என் சொந்தத் தவறு ஒன்றால். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் மூழ்கியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. சில வாரம் கழித்து, வீட்டை இழந்த ஒரு ஆயாவிடம் பேசிப் படம் பிடித்தேன். “வூடு போச்சு” என்றார். பிறகு 11 நொடி ஒன்றும் பேசவில்லை. அதன்பின், “போனா போவுது, உசுரு இருக்குதுல்ல” என்றார்.

எடிட்டிங்கில் அந்த 11 நொடி எனக்கு வெற்றிடமாகத் தெரிந்தது. வெட்டினேன். முகம் குதித்தது. அதை மறைக்க முதல் சொல்லிலேயே படத்தை ஆற்றுக்குத் திருப்பி, குரலை மட்டும் ஓடவிட்டேன். சுத்தமான டகர வெட்டு. தண்ணீர் நிஜம், குரல் நிஜம். பார்த்தவர்கள் நம்பிக்கையூட்டும் பேச்சு என்றார்கள். போனில் ஆயாவிடம் போட்டுக் காட்டினேன்.

“நான் இப்பிடி சடசடன்னா சொன்னேன்? பேச முடியாம நின்னேனேப்பா, அது எங்க?”

“வீடியோ நீளமாயிடும்னு எடுத்துட்டேன் ஆயா.”

“ஆவட்டுமே.”

அவர் சொல்லாத ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை. ஆனால் பேச முடியாமல் நின்ற ஒருத்தியை, எதையும் உதறிவிட்டுப் போகிற ஒருத்தியாக மாற்றியிருந்தேன். தடியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் சத்தியம் செய்திருந்தேன். நேர்வெட்டாக இருந்திருந்தால் முகம் குதித்து என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். பிரித்து வெட்டியதால்தான் தப்பித்தேன்.

ஆகவே பிரித்து வெட்டக்கூடாது என்பதல்ல என் வாதம். பேசுகிறவரின் முகத்திலிருந்து விலகி அவர் பேசும் உலகைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. எனக்கு நானே ஒரு விதி மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். சாட்சி சொல்கிறவரின் குரல் வேறு படத்தின் மேல் ஓடும்போது, அந்தப் படத்தின் மறைவில் குரலை வெட்டக்கூடாது. வெட்டியே ஆக வேண்டுமென்றால் முகத்தின்மேலேயே வெட்ட வேண்டும், குதிப்பது தெரியட்டும். மௌனம் ஒலித்தடத்தில் காலியிடம் அல்ல, அதுவும் அவர் சொன்னதுதான். மறுபடி எடிட் செய்தபோது 11 நொடியையும் திருப்பி வைத்தேன், ஆற்றை எடுத்துவிட்டேன். இழுக்கிறதே என்று இரண்டு நண்பர்கள் சொன்னார்கள். இழுக்கத்தான் செய்கிறது.