தகேதா தாலாட்டு: பாடலும் பிறந்த ஊரும்

தகேதா தாலாட்டு என்பது ஜப்பானின் கியோத்தோ நகரின் தென்பகுதியில், புஷிமி வட்டத்திலுள்ள தகேதாவில் வழங்கிவந்த நாட்டுப்புறப் பாடலாகும். ஜப்பானிய மொழியில் இதன் பெயர் 'தகேதா நோ கொமோரியுதா'. 'கொமோரி' என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல்; அந்த வேலையைச் செய்பவருக்கும் அதுவே பெயர். எனவே தாலாட்டு என்னும் நம் சொல் இதற்கு அரைகுறையாகவே பொருந்துகிறது. தாலாட்டு என்றதும் நமக்குத் தாய் நினைவுக்கு வருவாள். இங்கே பாடுபவள் தாயல்லள். பிறர் வீட்டுக் குழந்தையை முதுகில் கட்டிச் சுமக்கும் ஏழைச் சிறுமி.

குழந்தையைக் கொஞ்சும் அடி இதில் ஒன்றுகூட இல்லை. முன்னோரை வழிபடும் போன் திருவிழா கழிந்தால் பனி தூறும், குழந்தையும் அழும் என்று அவள் அலுத்துக்கொள்கிறாள். விழா வந்துதான் என்ன, உடுத்த நல்ல துணியில்லை, இடைக்கச்சையும் இல்லை. அழும் குழந்தை தன்னை வாட்டுவதால் உடல் மெலிகிறது என்கிறாள். கடைசியில், அந்த ஊருக்கு அப்பால் தெரியும் பெற்றோர் வீட்டுக்குப் போக ஏங்குகிறாள். கண்ணுக்கு எட்டுகிற வீடு காலுக்கு எட்டவில்லை. பாடலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

1960களில், சுமீ சூவேயின் 'பாலமில்லா ஆறு' நாவலை மேடையேற்றியபோது இப்பாடல் ஊர்க்காரர்களிடம் சேகரிக்கப்பட்டு, மெட்டும் சற்று மாற்றப்பட்டது. 1971இல் 'அகாய் தோரி' (சிவப்புப் பறவை) குழு வெளியிட்ட இசைத்தட்டு நாடெங்கும் புகழ்பெற்றது. அவர்களது கூட்டுக்குரல் மிக இனிமையானது. என் காதுக்கு அளவுக்கு மீறிய இனிமை. சிறுமியின் எரிச்சல் அதில் மென்சோகமாகக் கரைந்துவிடுகிறது. இதே மெட்டுக்குச் சீன மொழியில் வேறு சொற்கள் எழுதி 'பிரார்த்தனை' என்று பாடுகிறார்கள் என்றால், மெட்டு மட்டும் எவ்வளவு எளிதாகத் தனியே பயணப்பட்டிருக்கிறது பாருங்கள்!

சொற்களுக்கோ வேறு கதி. கடைசி அடியில் வரும் 'ஸைஷோ' பொதுவாக ஊரைக் குறிக்கும். கியோத்தோ வட்டாரத்தில் அது புராக்குமின் மக்கள் வாழும் குடியிருப்பையும் குறிக்கும். பிறப்பின் பெயரால் ஒடுக்கப்பட்ட இம்மக்களின் தாழ்நிலையை 1871ஆம் ஆண்டு அரசாணை சட்டப்படி நீக்கியும் பாகுபாடு ஒழியவில்லை. தகேதா அத்தகைய குடியிருப்பைக் கொண்ட பகுதி என்று தெரியவந்ததும் ஒலிபரப்பு நிலையங்கள் பாடலைத் தவிர்த்தன. சட்டம் எதுவும் தடுக்கவில்லை. சிக்கல் வருமோ என்று தாமாகவே ஒதுக்கிவைத்தார்கள். பாகுபாட்டுக்கு ஆளானவளின் குரலைப் பாகுபாட்டுக்கு அஞ்சியே அடக்கியது இது. இதை நாகரிகம் என்று ஏற்க என்னால் இயலவில்லை. அதே இசைத்தட்டின் மறுபக்கத்திலிருந்த 'சிறகுகளைத் தாருங்கள்' பாடலோ பள்ளி இசைப் பாடநூல்களில் இடம்பெற்று, ஜப்பானியக் குழந்தைகள் எல்லோரும் அறிந்த பாடலாயிற்று. தகேதா தாலாட்டு மீண்டும் தயக்கமின்றி ஒலிக்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.