சிலம்பின் பரலும் ராசிக்கல்லும்

ஈப்போ நகரின் நகைக்கடைகளில் ராசிக்கல் மோதிரம் கேட்டு வருவோர் பலர். சிங்க ராசிக்கு மாணிக்கம், கடக ராசிக்கு முத்து, மேட ராசிக்குப் பவளம் எனச் சொல்லிக் கொடுக்க எவரும் வேண்டுவதில்லை. சிலிபின் வட்டாரத்திலும், ரப்பர்த் தோட்டங்களை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும், பிள்ளையின் தேர்வையும் மகளின் திருமணத்தையும் எண்ணி இக்கற்கள் வாங்கப்படுகின்றன. கல்லுக்கு அத்தகைய ஆற்றல் உண்டா என்பது நம்பிக்கையைச் சார்ந்த வினா. மணிகளைப் பற்றித் தமிழிலக்கியம் என்ன கருதியது என்பதோ ஆராய்ச்சிக்குரிய வினா. அவ்வினாவிற்கு விடை தேடுவோர் முதலில் நாடவேண்டிய நூல் சிலப்பதிகாரமே ஆகும்.

ஒரு மணியால் வழக்குத் தீர்ந்த காப்பியம் அது. ஆயினும் அவ்வழக்கிற்கு நெடுமுன்னரே, ஊர்காண் காதையில், இளங்கோவடிகள் மதுரையின் மணிக்கடைத் தெருவினைக் காட்டிவிடுகிறார். கோவலன் அத்தெருவைக் கண்டு செல்கிறான். அங்குள்ள ஒவ்வொரு மணியும் அதற்குரிய குற்றம் நீங்கியதாகவே கூறப்படுகிறது. வயிரம் காகபாதம், களங்கம், விந்து, கீற்று ஆகிய குற்றங்கள் அற்றது. முத்து காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் வரும் குற்றம் தீர்ந்தது. பவளம் துளையும் வளைவும் இல்லாதது. இவற்றின் வகையறிந்த வல்லுநர் நிறைந்த தெரு அஃது.

இவ்வருணனையில் கோள்களின் பெயர்களும் வருகின்றன. திங்களும் வியாழனும் செவ்வாயும் முத்தின் ஒளிக்கும் நிறத்திற்கும் உவமையாகின்றன. அவ்வளவே. இன்ன கோளின் தீங்கை இன்ன கல் விலக்கும் என்ற பேச்சு அங்கில்லை. பிற்காலத்துப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம், மாணிக்கம் விற்ற படலத்தில் மணிகள் வலன் என்னும் அசுரனின் உடலிலிருந்து தோன்றிய கதையை விரித்துரைக்கிறது. இளங்கோவடிகளின் கண்ணோ மணியின் தரத்தின்மேல் நிற்கிறது. மாணிக்கம், புருடராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் ஆகிய ஐந்தும் ஒரே தோற்றத்தினின்று வந்த ஐவேறு அழகுகள் என்று அவர் குறிப்பது வியப்பிற்குரியது. இவற்றுள் மாணிக்கமும் நீலமும், இன்று புருடராகமாக விற்கப்படும் மஞ்சள் நீலக்கல்லும் ஒரே கனிமமே என்று இக்கால அறிவியல் கூறுகிறது. குரோமியம் சேர்ந்தால் செம்மை. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம். அக்கனிமத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயரே குருந்தம் என்ற தமிழ்ச்சொல்லினின்று பிறந்தது என்பர்.

இனிக் கதைக்கு வருவோம். மணியின் குற்றத்தை இத்துணை நுணுக்கமாக ஆராயத் தெரிந்த நகரில், ஒரு மனிதனின் குற்றம் ஆராயப்படவில்லை. அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்த பொற்கொல்லன் சொன்ன சொல்லே சான்றாயிற்று. அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்த பாண்டியன் வினவாமல் ஆணையிட்டான். மணிக்கடைத் தெருவிலிருந்த ஒரு வல்லுநரை அழைத்திருந்தால் போதும். சிலம்பினுள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்பது நொடியில் தெரிந்திருக்கும். கண்ணகி சிலம்பை உடைத்தபோது அதுதான் நிகழ்ந்தது. மாணிக்கப் பரல் தெறித்தது. கொலைக்கு முன் நடந்திருக்க வேண்டிய சோதனை கொலைக்குப் பின் நடந்தது. ஊர்காண் காதையின் மணி வருணனையை வெறும் நகர் வளம் எனக் கற்பிப்போர் இத்தொடர்பைத் தவறவிடுகின்றனர்.

நவமணி மரபில் மாணிக்கம் ஞாயிற்றுக்கு உரியது. முத்து திங்களுக்கு உரியது. அவ்வாறாயின் கண்ணகியின் காலில் ஞாயிற்றின் மணியும், கோப்பெருந்தேவியின் காலில் திங்களின் மணியும் இருந்தன. இருவருமே கணவனை இழந்தனர். அணிந்தவரைக் காப்பது மணியின் தொழில் என்று காப்பியம் கருதியிருப்பின் கதையே இல்லை. கனாத்திறம் உரைத்த காதையும் ஈண்டு நோக்கத்தக்கது. சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் இரு பொய்கைகளில் நீராடிக் காமனைத் தொழுதால் பிரிந்த கணவனைப் பெறலாம் எனத் தேவந்தி கூறுகிறாள். அது பெருமை தருவதன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். திங்களின் பெயராலும் ஞாயிற்றின் பெயராலும் வந்த பரிகாரத்தை ஏலாத அவளே, பின்னர்க் கதிரவனை நோக்கித் தன் கணவன் கள்வனோ என்று கேட்கிறாள். அவள் வேண்டியது காவலன்று, சான்று.

ஊழ்வினையை ஏற்கும் காப்பியம் கோளின் ஆற்றலை மறுப்பதாகக் கொள்ளலாமோ எனச் சிலர் வினவக்கூடும். ஊழ் உருத்துவந்து ஊட்டும் என்பது நூலின் மூன்று உண்மைகளுள் ஒன்றே. எனினும் அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்பதும் அம்மூன்றனுள் ஒன்று. பாண்டியன் தன் விதியைப் பழிக்கவில்லை. தானே கள்வன் என்று ஏற்று உயிர் நீத்தான். ஊழை நம்பிய நூல், அதனைத் தவறு செய்தவனுக்குப் புகலிடமாக்கவில்லை.

இன்று மாணவர் கையிலுள்ள பிறந்த மாதக் கற்களின் பட்டியல் இதனினும் இளையது. பழைய வழக்குகள் சில அதற்கு அடிப்படையாயினும், இன்றைய வடிவத்தை 1912இல் வகுத்தது அமெரிக்க நகை வணிகர் சங்கமே. 1967இல் தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்ட தான்சனைட்டு, 2002இல் டிசம்பர் மாதத்திற்குரிய கற்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 1967க்கு முன் பிறந்த டிசம்பர்க் குழந்தைகள் எந்தக் குறையும் இன்றியே வளர்ந்தனர்.

மோதிரம் அணிவது அவரவர் விருப்பம். தாய் தன் பிள்ளைக்காக வாங்கும் கல்லில் அவளுடைய அன்பு இருக்கிறது. அதனை இகழ்தல் ஆகாது. ஆயினும் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கடைக்காரரிடம் கொடுக்குமுன், அக்கல் எது, அதன் குற்றம் யாது என்று கேட்கும் பழக்கமேனும் வேண்டும். மணலை அலசி ஈயத்தைப் பிரித்தெடுத்த கிந்தாச் சமவெளி மக்களுக்கு அப்பழக்கம் புதிதன்று. வகுப்பறையில் வழக்குரை காதையைப் பயிற்றும் ஆசிரியர், அதற்கு முன் ஊர்காண் காதையின் மணிக்கடைத் தெருவையும் ஒருமுறை படிக்கச் செய்வாராயின், பரல் தெறித்த ஓசை மாணவர் செவியில் வேறுவகையாக ஒலிக்கும்.