அம்புக்குறிக்குப் பசிக்காது

உங்கள் வீட்டுப் பையனிடம் உணவுச் சங்கிலி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 'புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு' என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். நடுவில் நாலு அம்புக்குறி போட்டால் முழு மார்க். அதில் யாருக்கும் பசிப்பதில்லை, யாரும் தப்பிப்பதும் இல்லை.

இதற்கு மருந்தாக ஒரு படம் சொல்கிறேன். 1996-ல் வந்த பிரெஞ்சுப் படம், 'மைக்ரோகாஸ்மோஸ்'. க்ளோட் நூரிட்சானி, மரி பெரென்னூ என்ற இரண்டு உயிரியல்காரர்கள் எடுத்தது. பூச்சிகள்தான் நடிகர்கள். வசனம் கிட்டத்தட்ட கிடையாது.

அதில் ஒரு காட்சி. தண்டு முழுக்கப் பேன் மாதிரி அசுவினிப் பூச்சிகள். பொறிவண்டு வந்து சாவகாசமாகத் தின்கிறது. சிவப்புச் சட்டையில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த அழகி, பக்கா வேட்டைக்காரி! அதற்குள் எறும்பு வந்துவிடுகிறது. அசுவினி சுரக்கிற தித்திப்புக்காகக் காவல் காக்கிற எறும்பு. பொறிவண்டை ஓட ஓட விரட்டுகிறது. அம்புக்குறியில் இந்த அடியாளுக்கு இடம் ஏது?

குறையும் உண்டு. படம் சண்டையைக் காட்டுகிறது, கணக்கைக் காட்டவில்லை. காமர்ஸ் படித்தவனுக்கு அதுதான் உறுத்துகிறது. அசுவினி, ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். தீனி பெருகிய பிறகுதான் பொறிவண்டு வந்து முட்டை வைக்கும். அந்த இடைவெளியில் அவசரப்பட்டு மருந்தடித்தால் இரண்டுமே சாகும். தப்பிய அசுவினி மறுபடி மளமளவென்று பெருகும். பொறிவண்டுக்கு அந்த வேகம் வராது.

ஆகவே, படம் பார்த்த கையோடு பிள்ளைகளை ஓர் அவரைக் கொடியிடம் அழைத்துப் போகலாம். நோட்டில் தேதி போட்டு, ஒரே கொழுந்தில் அசுவினி எத்தனை, பொறிவண்டு எத்தனை என்று ஒரு மாதம் எண்ணட்டும். குட்டி முதலை மாதிரி ஏதோ ஒன்று ஊரும். 'ச்சீ' என்று நசுக்கிவிட வேண்டாம். பொறிவண்டின் பிள்ளை அது. அதற்கும் சாப்பாடு அசுவினிதான்.

நாளைக்கு வயலிலோ மாடித் தோட்டத்திலோ மருந்து டப்பாவைத் தூக்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான். யாரை நசுக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். அம்புக்குறி மார்க் போனால் போகட்டும்!