வேர்களும் வெற்றிடமும்

அலெக்ஸ் ஹேலியின் ‘வேர்கள்’ 1976-இல் வெளிவந்தது. ‘ஏழு தலைமுறைகள்’ என்ற பெயரில் தமிழிலும் நம் நெஞ்சைக் கலங்கவைத்தது. பாட்டியின் வாய்மொழியில் எஞ்சியிருந்த சில ஆப்பிரிக்கச் சொற்களைப் பற்றிக்கொண்டு, அமெரிக்காவிலிருந்து காம்பியாவின் ஜுஃபூரே சிற்றூர் வரை தம் மூதாதை குண்டா கிண்டேயைத் தேடிச் சென்றார் ஆசிரியர்.

வீட்டுப் பேச்சிலிருந்து தொடங்கியது நல்ல வழியே. ஆயின் கேட்டதை ஏட்டோடு ஒப்பிடுமிடத்தில் அவர் வழுக்கினார். குண்டா கிண்டே கப்பலில் வந்திறங்கியது 1767-இல் என்கிறது நூல். பண்ணையில் அவனுக்கு இட்ட பெயர் ‘டோபி’. அந்த டோபியோ 1762-லேயே வர்ஜீனிய ஏடுகளில் காணப்படுகிறான் என்று மில்ஸ் தம்பதியர் 1981-இல் எடுத்துக்காட்டினர்.

அதனால் நூலை ஒதுக்கிவிடலாமா? கூடாது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகள் பெரும்பாலும் பெயரின்றி, உடைமையாளர் பெயரின்கீழ் வயதும் பாலும் நிறமுமாகவே பதியப்பட்டனர். அம்மக்களுக்கு முன்னோரைத் தேடும் துணிவைத் தந்தவர் ஹேலி. நாம் காணும் குறை ஒன்றே: தெரியாத இடத்தைத் தெரியாததாகவே விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த வெற்றிடமே இழைக்கப்பட்ட கொடுமைக்குச் சாட்சியன்றோ!

பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேட்டைத் தேடி, கடல் கடந்து நம்மிடம் வருவோர்க்கும் நாம் சொல்வது இதுவே: முதலில் பாட்டியைக் கேளுங்கள், பின்னர் ஏட்டைப் பாருங்கள், இரண்டும் பொருந்தாவிடில், பொருந்தவில்லை என்றே எழுதிவையுங்கள். முன்னோர்க்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.